தாகேதாவிலிருந்து மிங்கலாடோன்: வாராவாரம் படக்கதை வரையும் மாமாவைக் காதுகுத்துக்கு அழைக்கப் போன நாள்

இந்தப் பயணத்தில் நான் பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன். ரங்கூனுக்கு வரும் நம்மவர்கள் பலர் விமான நிலையத்தில் இறங்கி, மிங்கலாடோனைக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துவிட்டு நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பேருந்தில் எப்படிப் போவது என்பது இதில் இருக்கிறது. வாரப் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எப்போது ஓய்வெடுக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. உண்மையில் நான் போனதே அந்த ஓய்வுக்காகத்தான்.

என் தம்பி கதிருக்கு ஆறு வயது. இன்னும் காது குத்தவில்லை. எங்கள் வீட்டில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். குமரன் மாமாவோ பர்மிய மொழிச் சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்றில் வாரம் பன்னிரண்டு பக்கம் தொடர் படக்கதை வரைகிறார். முதல் தடவை கோயிலில் கதிருக்கு மொட்டை அடித்து, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்த பிறகு, பக்கங்கள் முடியவில்லை என்று மாமாவிடமிருந்து செய்தி வந்தது. இரண்டாவது தடவை, மாமா வந்த பிறகுதான் மொட்டை என்று அம்மா சொல்லிவிட்டார். மாமா வரவில்லை. வீட்டிலேயே கதிர் ஒருவன்தான் இரண்டு தடவையும் சந்தோஷப்பட்டான்.

மூன்றாவது தடவையாக வரும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நாள் குறித்திருக்கிறோம். தசாங்டைங் என்னும் விளக்குத் திருவிழாப் பௌர்ணமிக்குப் பள்ளி விடுமுறை என்பதால், தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து அம்மா என்னை அனுப்பினார். "நீங்களும் வாங்கம்மா" என்றேன்.

"நான் போனா சண்டைதான் வரும். நீ போய்ச் சொல்லு. இந்தத் தடவையும் வரலேன்னா எனக்குத் தம்பியே இல்லேன்னு நெனச்சுக்கிறேன்னு சொல்லு. அப்படியே சொல்லணும், ஒரு வார்த்தைய மாத்தாத."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவோடு கிளம்பினேன். அப்பாவுக்கு நகரத்தில் இரும்புச் சாமான் கடையில் வேலை. அன்று அரை நாள் கடை உண்டு. எங்கள் பகுதியான தாகேதாவிலிருந்து பாலம் தாண்டி, நகர நடுவிலுள்ள சூலே வரைக்கும் லைன்கார், அதாவது பின்னால் இரண்டு பலகை போட்ட சிறு லாரி. ஆளுக்கு நூறு சாட், முப்பத்தைந்து நிமிடம். சூலேயில் அப்பா என்னை மிங்கலாடோன் பேருந்தில் ஏற்றிவிட்டார். இருநூறு சாட். சுமார் இருபது கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆள் நிறைந்தால்தான் கிளம்புவார்கள். பேருந்து எண்கள் பர்மிய எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் கண்டக்டர் கத்தும் ஊர்ப்பெயரைக் கேட்டு ஏறுங்கள்.

இங்கே கண்டக்டரை ஸ்பேயா என்போம். எங்கள் ஸ்பேயா என் தட்டைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். (பர்மிய மொழியில் பேசியவற்றைத் தமிழில் எழுதுகிறேன்.)

"தேங்காய்க்கு டிக்கெட் யாரு எடுக்கறது?"

"தேங்காய்க்கு எதுக்கு டிக்கெட்?" என்றேன்.

"உட்கார்ந்து வருதா, நின்னுக்கிட்டு வருதா?"

"நானே நின்னுக்கிட்டுத்தானே வர்றேன்."

"அப்ப சரி, அதுக்கு இலவசம்" என்றார். பேருந்தே சிரித்தது. அதற்குப் பிறகு ஒரு அக்கா தட்டைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

அது ஜப்பானில் ஓடிப் பழசாகி இங்கே வந்த பேருந்து. ஓட்டுநர் தலைக்கு மேலே ஜப்பானிய எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் அழிக்கவும் இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரை ஸ்பேயா கத்தும்போது "பாடே" என்று உரக்கச் சொல்ல வேண்டும். இறங்க ஆள் உண்டு என்று அர்த்தம். மெதுவாகச் சொன்னால் அடுத்த நிறுத்தம்தான்.

ஒன்பதரை மணிக்கு இறங்கினேன். மாமி குடையோடு நின்றிருந்தார். மாமி பர்மியர், கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். "வா வா, சாப்டியா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, மற்றதெல்லாம் பர்மிய மொழியில் பேசினார். வீட்டுக்குப் பத்து நிமிட நடை. வழியெல்லாம் வாசல்களில் பௌர்ணமிக்கு மெழுகுவர்த்தி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா தூங்கறாரா?" என்று கேட்டேன்.

"அமலே! அவர் தூங்கி நான் பார்த்தது தண்ணீர்த் திருவிழாவில்தான்" என்றார் மாமி. அமலே என்பது நம் அம்மாடி மாதிரி.

இது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு அச்சகம் மூடும். வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் மாமாவுக்கு விடுமுறை. அதற்கும் முந்தின வாரங்களில் இரட்டிப்பாக வரைந்து கொடுத்தாக வேண்டும்.

மாமா வேலை செய்யும் அறையில் மூன்று மேசைகள். மின்சாரம் இல்லாததால் மூன்றையும் ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். மாமாவோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மா எய் அக்கா வீடு, மரம், கூட்டம் எல்லாவற்றுக்கும் மை போடுகிறார். கோ ஜோ அண்ணன் கட்டங்களுக்குக் கோடிழுத்து, பேச்சுக் குமிழ்களில் எழுத்தை எழுதி, கறுப்பாக வேண்டிய இடங்களை நிரப்புகிறார். இருவரும் மாமாவை ஸயா என்று, அதாவது வாத்தியார் என்று, அழைக்கிறார்கள். திங்கள் கதை யோசிப்பது, செவ்வாயும் புதனும் பென்சில், வியாழன் முதல் சனி வரை மை, ஞாயிறு மதியம் பத்திரிகை ஆள் வந்து வாங்கிப் போவார். மறுநாள் மறுபடி திங்கள். முகங்களுக்கு மட்டும் மாமாவைத் தவிர யாரும் மை போடுவதில்லை. அதனால் சனிக்கிழமைகளில் மற்ற இருவரும் சும்மா உட்கார்ந்திருக்க, மாமா மட்டும் முகம் முகமாக வரைந்துகொண்டிருப்பார்.

முன்பு மூன்று வாரப் பக்கங்கள் கையிருப்பில் இருந்தனவாம். மழைக்காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவை தீர்ந்துவிட்டன. இப்போது ஒரு பக்கம்கூட இல்லை.

"மலரு, வா" என்றார் மாமா. கண்கள் சிவந்திருந்தன. "தட்ட அந்தப் பக்கம் வச்சிராத, பென்சில் கலைஞ்சிரும்."

தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்.

"வர்றேன்னு சொல்லு" என்றார், பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமலே.

முந்தின இரண்டு தடவையும் இதையேதான் சொன்னார். அதனால் அம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். பென்சில் நின்றது. மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்புறம் மறுபடி வரையத் தொடங்கினார்.

தமிழ் புரியாத கோ ஜோ அண்ணன் என்ன விஷயம் என்று மாமியிடம் கேட்டார். மாமி சொன்னதும், "மடிதானே வேணும்? நான் போய் உட்கார்றேன். என் மடி ஸயா மடியைவிடப் பெரிசு" என்றார்.

"உன் மடியில உட்கார்ந்தா பையன் காதுல புகையிலை வாசம் வரும்" என்றார் மா எய் அக்கா. "ஸயா போகட்டும். முகத்தை எல்லாம் இந்த வாரம் நான் போடறேன்."

"நீ போட்டா எல்லாருக்கும் உன் மூக்குதான் வரும்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். ஆனால் வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லோருக்கும் புரியட்டும் என்று பர்மிய மொழியிலேயே சொன்னேன். "கதையில மூடுபனி வர்ற மாதிரி வச்சா முகம் தெரியாதுல்ல, மாமா? இல்லேன்னா எல்லாரையும் திரும்பி நிக்க வச்சிடலாம்."

"அதைத்தான் போன மாசம் ரெண்டு வாரம் செஞ்சோமே, ஞிமலே" என்றார் மா எய் அக்கா. ஞிமலே என்றால் தங்கச்சி. "யாருக்கும் தெரியல."

"எங்க வாடகைப் புத்தகக் கடையில எல்லாருக்கும் தெரிஞ்சுதே" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

மாமா நிமிர்ந்தார். "என்ன சொன்னாங்க?"

"உண்மையச் சொல்லட்டுமா, மாமா?"

"சொல்லு."

"அம்பது சாட் வாடகை குடுத்து முதுகு பாக்கணுமான்னு கேட்டாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "மத்த எல்லா வாரத்தையும் நான் ரெண்டு மூணு தடவை படிச்சிருக்கேன். அந்த ரெண்டையும் ஒரு தடவதான் படிச்சேன்."

மாமிக்குப் புரிந்திருக்க வேண்டும். என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோ ஜோ அண்ணன் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை.

மாமா எழுந்து அலமாரியிலிருந்து தடிமனான ஒரு ஜப்பானிய வாரப் பத்திரிகையை எடுத்தார். கப்பலில் வேலை செய்யும் நண்பர் கொண்டுவந்ததாம். அங்கே வாரத் தொடர் வரைகிறவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய இருபது பக்கம் வரைவார்கள், நான்கைந்து உதவியாளர்கள் இருப்பார்கள், அவர்களும் தூங்குவது குறைவு, புத்தாண்டுக்கு இரண்டு இதழ்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு ஒரு வாரம் ஓய்வு விடுவார்கள் என்றார். மாமா சொன்னதை எழுதுகிறேன், நான் சரிபார்க்கவில்லை. பிறகு ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் கதை இல்லை. கதாநாயகன் மட்டும் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தான், பக்கத்தில் இரண்டு வரி எழுத்து.

"இந்த வாரம் லீவுன்னு போட்டிருக்கு. ஜப்பான்ல இருந்த ஒருத்தர் படிச்சுச் சொன்னார். பல வருஷமா இந்தப் பக்கத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன், மலரு. அவங்க பெரிய ஆளுங்க, லீவு போட முடியும். நான் ஒரு வாரம் விட்டா அந்தப் பன்னெண்டு பக்கத்துக்கு வேற ஆள் தயாரா நிக்கிறான்."

"அடுத்த வாரம் கதை வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப படிக்கிறவங்க இருந்திருக்காங்க. நானும் இருப்பேன், மாமா."

மாமா பத்திரிகையை மூடிவைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே ஒரு பெண்மணி குடையின் கீழ் மேசை போட்டு, தொலைபேசி வைத்திருக்கிறார். நிமிடத்துக்கு நூறு சாட். பத்திரிகை ஆசிரியருக்கு அன்று விடுமுறை, வீட்டில் இருந்தார். மாமா பேசியதை மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது. "ஒரே வாரம்... இல்லை, காய்ச்சல் இல்லை... காதுகுத்து... என் மடியில்தான் குத்தணும்... ஒரு பக்கம் நான் தர்றேன், மீதிக்கு வாசகர் படங்களைப் போடுங்க... தெரியும்... தெரியும்... சரி." ஃபோனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"ஒரு வாரம் குடுத்துட்டார். ரெண்டாவது வாரம் கேட்டா பக்கம் என்னோடது இல்லேன்னுட்டார்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு பக்கத்தை வரைந்தார். கதாநாயகன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான், மடியில் மொட்டைத் தலைப் பையன் ஒருவன் வாயெல்லாம் பல்லாக அலறுகிறான், எதிரே ஆசாரியின் கையில் ஊசி. பர்மியர்களுக்கும் காதுகுத்து விழா உண்டு என்பதால் பார்த்ததும் எல்லோருக்கும் புரியும். பையன் முகத்தை எவ்வளவு அலறலாக வரையலாம் என்று என்னைக் கேட்டார். கதிரை நினைத்து, இன்னும் கொஞ்சம் என்றேன். இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் முடிந்தது. ஆசிரியர் வீட்டு வழியாகத்தான் போகிறேன் என்று கோ ஜோ அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். மா எய் அக்கா பேனாக்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, பௌர்ணமிக்குப் புத்தர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மாலையில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பக்கத்த அனுப்பிட்டானா?" அனுப்பிவிட்டார் என்றேன். அம்மா உடனே ஆசாரிக்குச் சொல்லியனுப்பினார். கதிர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இதை வெள்ளிக்கிழமை இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். அவனை இன்னும் முழுதாக வெளியே எடுக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தாகேதாவிலிருந்து போக வர எனக்கு அறுநூறு சாட் ஆனது. டாக்ஸிக்கு சூலேயிலிருந்து ஒரு வழிக்கே ஐயாயிரம் கேட்கிறார்கள். பேசினால் கொஞ்சம் குறைப்பார்கள். பேருந்தில் போனால் காலை எட்டரைக்கு முன்னால் ஏறிவிடுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மிங்கலாடோனில் ராணுவ இடங்கள் பல இருக்கின்றன, அங்கே கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். நிறுத்தத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் இருநூறு சாட்டுக்குத் தேநீர் கெட்டியாக இருக்கும்.

படக்கதை வரைகிறவர் யாரையாவது பார்க்கப் போனால், திங்கட்கிழமை போங்கள். கதை யோசிக்கும் நாள் என்பதால் பேசுவார்கள். சனிக்கிழமை போகவே போகாதீர்கள். மாமா வீட்டுக்கு இந்த வாரம் எந்த நாளும் போக வேண்டாம். நான் புதன்கிழமை மூன்று மணிக்கு விடைபெற்றபோது மாமா மேசைகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்திருந்தார். சரியாக அப்போதுதான் மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தால் எங்கள் ஊரில் தூங்குகிறவர்களும் எழுந்து உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார்கள், எப்போது போகும் என்று தெரியாது. அறையில் இருந்த மூன்று குழல்விளக்குகளும் மினுக்கி மினுக்கி எரியத் தொடங்கின. மாமா கண்ணைத் திறந்து, ஒரு கையை ஊன்றினார். மாமி சுவரோரம் போய் மூன்று விளக்குகளையும் அணைத்தார்.