மூன்று ரப்பர் இலைகள் இருந்த இடம்

காலையில் கைப்பேசியைத் திறந்தால், கோயில் கமிட்டியின் வாட்ஸாப் குழுவில் எங்கள் தோட்டத்து நினைவு மலரின் மறுபதிப்பு வந்து கிடக்கிறது. ஆசையாகத் திறந்தேன். இலைகளைக் காணோம்!

என்ன இலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மலர் முதலில் வந்த சமயம் நான் கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கையேடுகளை லேடெக்கில் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கட்டளை எழுதினால் கணினியே பக்கம் கட்டித் தரும் மென்பொருள் அது. சிடாம் கிரி பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்து, வீடமைப்புத் திட்டம் வந்த பிறகு, பழைய ஆட்கள் சொல்வதைத் தொகுத்து மலர் போடலாம் என்று கமிட்டியில் சொன்னார்கள். “நம்ம பொண்ணுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்லா” என்று என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிய புஷ்பாக்கா சொன்னதைத் தட்டச்சு செய்தபோதுதான் சிக்கல். காலையில் அவர் கணவர் வேலைக்குப் போனார். சாயங்காலம் லாரியில் பிணமாக வந்தார், மரம் சாய்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே அக்கா நிறுத்திவிட்டார்.

“பகல் பூரா தேடுனேன்மா. அதப் பத்தி யார்கிட்டயும் பேசுனதில்ல, இப்பவும் பேசமாட்டேன். ஆனா போனாரு, வந்தாருன்னு ஒட்டிப் போட்றாத. அந்த எடத்த விட்டு வை.”

விட்டு வைத்தேன். போனதற்கும் வந்ததற்கும் நடுவே தனி வரியில், ஒரே காம்பில் மூன்று ரப்பர் இலைகள். எங்கள் மரங்கள் போய்விட்டதால் பாலிங் ஊர் வரை போய்ப் பறித்து வந்து வரைந்தேன். அங்கே ரப்பர் ஷீட் காய்கிற வாடை அடித்ததும் எனக்குப் பசி எடுத்தது. ஊருக்கு அது நாற்றம், எங்களுக்குப் பசியாறுகிற நேரத்து வாசம்.

இலைக்கு மேலும் கீழும் சம இடைவெளி வேண்டும். சொல்ல எளிது! பக்க உயரத்தைச் சமப்படுத்துகிறேன் பேர்வழி என்று லேடெக் ஒரு தடவை இடைவெளியை இழுக்கும், இன்னொரு தடவை அமுக்கும். இலை பக்கத்தின் உச்சியில் விழுந்தால் மேல் இடைவெளியை அப்படியே விழுங்கிவிடும். கடைசியில் இழுபடாத அளவு கொடுத்து, விழுங்க முடியாதபடி நட்சத்திரக் குறி சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே கட்டளைக்குள் பூட்டினேன். திரையில் அடிஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பைத்தியம் நான்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். இலை வந்ததும் நிறுத்தினேன். அக்கா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ம், படி” என்றார்.

இன்று அந்தப் பக்கத்தில் இலையும் இல்லை, இடமும் இல்லை. கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டேன்.

“காலி எடம்தானேம்மா, பேப்பர் வேஸ்ட்லா. நெருக்கிட்டு டத்தோ வந்த படத்தப் போட்டோம். அழகா இருக்குல்ல?”

“அது காலி எடம் இல்ல அண்ணே!”

“ஒரு பூ டிசைனுக்கா இவ்ளோ கோவம்?”

பூ டிசைனாம்! டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்துகிற படம் முழுப் பக்கத்துக்கு, தலைவர் பல்லெல்லாம் தெரிய. வெட்கமில்லாத ஜென்மங்கள். தோட்டம் போனது, லயம் போனது, மரம் போனது. அக்காவுக்கு மிச்சமிருந்தது ஒரு பகல். அதன் மேலும் பொன்னாடையோடு ஏறி நிற்கிறார்கள்.

மத்தியானம் அக்காவே கூப்பிட்டார். மகள் வாசித்துக் காட்டினாளாம். போனார் என்றதும் அடுத்த வரியே பிணமாக வந்தார் என்று இருந்ததாம்.

“ஏம்மா,” என்றார், “நான் அவரத் தேடவே இல்லியா?”