முதலாளி தலை போட்ட வெள்ளிக் காசு

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நாகலூர் பஸ்ஸுக்கு நிற்கிறேன். தூறல் விட்டபாடில்லை. சேலத்தில் வாங்கிய வெள்ளிக் காசைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ரோமப் பேரரசு சரியும் காலத்துக் காசு. பக்கத்தில் நிற்கும் சரசு, காப்பிச் செடிகளைக் கவாத்து செய்யும் எஸ்டேட் தொழிலாளி, அதைப் பார்த்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க சார். எஸ்டேட்டு அம்பதாவது வருச விழாவுல குடுத்தாங்க."

ஒரு பக்கம் முதலாளியின் தலை. மறுபக்கம் இலை மாலை, அதற்குள் 'நூறாண்டு தொடர்வோம்'.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் காசிலும் இதே கூத்துதான். முன்னால் முத்துப்பட்டை கட்டிய பேரரசன் தலை. பின்னால் மாலைக்குள், பத்தாண்டு ஆண்டாயிற்று, இருபதாண்டு ஆள வேண்டும் என்ற வேண்டுதல். படை கலகம் செய்துவிடக் கூடாதே என்ற பயத்தில், ஆட்சியின் ஆண்டு விழாக்களில் சிப்பாய்களுக்குக் கொடுத்த காசு இது. அதைச் சரசுவிடம் சொல்கிறேன்.

"விழா முடிஞ்ச கையோட எஸ்டேட்ட ரிசார்ட்டுக்காரனுக்கு வித்துப்போட்டாங்க. நாங்க குடியிருக்கற லைன் ஊட்டையெல்லாம் காலி பண்ணணுமாம். ஏனுங்க சார், அந்தச் சிப்பாய்ங்க காச வாங்கிட்டுச் சும்மாவா இருந்தாங்க?"

"எங்கே இருந்தாங்க? பல தடவை ராஜாவையே வெட்டிப்போட்டு வேற ஆளை உட்கார வெச்சாங்க."

சரசு ரொம்ப நேரம் சிரிக்கிறார்.

"அவங்க கையில வாளு இருந்துச்சுங்க. எங்களுக்கு, கவாத்துக் கத்திய எஸ்டேட்டு கணக்கெழுதற ரைட்டருகிட்ட ஒப்படைச்சாத்தான் இந்தக் காசே குடுத்தாங்க."