ஆணியை மடியில் செருகியவர்

திருவாதவூர் கோயில் அன்னதானத்துக்காகச் சிம்மக்கல் மண்டியில் அரிசி ஏற்றினோம். நாலு பக்கமும் தகரம் அடித்த மூடின டிரெய்லர் அது. டிராக்டர் ஓட்டுநர் ஒல்லியான மனிதர். புறப்படுமுன் டிரெய்லரின் அடியில் குனிந்து, பாரம் ஏற ஏற அமுங்கும் வில்பட்டைக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே நாலு விரல் நுழைகிறதா என்று பார்ப்பார். அன்று இரண்டு விரல்தான் நுழைந்தது.

"பத்து மூட்டைய இறக்குங்கண்ணே."

"சாமி காரியம்யா, சாமி பாத்துக்கும். பயமா இருந்தா இறங்கிப் போ," என்றேன்.

"உள்ள எம்புட்டு இருக்குன்னு தகரம் மறைக்கும், பட்டை மறைக்காதுண்ணே. போற வழியில பாலத்துல பட்டை முறிஞ்சா எதுக்க வாரவனுக்கும் அதே சாமிதான?"

டிராக்டரோடு டிரெய்லரைக் கோத்திருந்த ஆணியை உருவி மடியில் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூட்டைகளை இறக்கினோம். பந்தி பிந்தியதற்குச் சாமியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். பேசிய பேச்சுக்கு அவரிடம் கேட்க இன்றுவரை வாய்க்கவில்லை.