சிவப்புத் தோட்டாக்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் டயர் வெடித்து நிற்கிறது. வெயில் தாங்காமல், எதிரே இருக்கும் துப்பாக்கிக் கடையில் ஒதுங்குகிறேன். மலையடிவாரத்தில் பிளவக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே நிற்கிறாள். போன வாரம் அவள் கணவனை யானை மிதித்துக் கொன்றுவிட்டது. வீட்டில் மிஞ்சிய தோட்டாக்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். எல்லாம் கடைக்காரர் தம் கையால் மருந்து நிரப்பியவை, எல்லாமே சிவப்பு.

“இதுல யானைக்கு எது அண்ணாச்சி?”

அவர் இரண்டைத் தனியே எடுத்துக் காட்டுகிறார். “இது ஒத்தைக் குண்டு தாயி, யானைக்கு. இது ரவை, உள்ள பொடிக் குண்டு, முயலுக்கு.”

கைக்கொன்றாக உள்ளங்கைகளில் ஏந்தி வெகுநேரம் பார்க்கிறாள்.

“தோப்புக்குள்ள யானைன்னு அவிய குண்டு கேட்டாவ. நாந்தான் அண்ணாச்சி, இதுல ஒண்ணை எடுத்துக் குடுத்தேன்.”

முயல் தோட்டாவை நீட்டுகிறாள். கடைக்காரர் வாங்கவில்லை. அவர் பின்னால் அலமாரி நிறையச் சிவப்புத் தோட்டாக்கள்.