அம்மா விளிக்கும் நேரத்து உடுப்பு

நான் பிறந்த வீட்டில் உடுப்பு மூன்று வகை. பள்ளிக்கூட உடுப்பு, சர்ச் உடுப்பு, வீட்டு உடுப்பு. மூன்றாவதற்கென்று யாரும் கடைக்குப் போய்த் துணி எடுத்ததில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் கண்ட சர்ச் உடுப்பு தானாகவே வீட்டு உடுப்பாக இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால், உடுப்பு மாற்றாமல் தரையில் உட்காரக்கூடாது, சோற்றில் கை வைக்கக்கூடாது. என் அம்மை இந்த விஷயத்தில் போலீஸ்காரி. மாற்றிவிட்டால் பிறகு கேட்பாரில்லை. கொல்லாம்பழம், அதுதான் முந்திரிப்பழம், சப்பி நெஞ்செல்லாம் கறையாக்கலாம். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது, போக வேண்டியதும் இல்லை.

முற்றத்தில் ஆள் அரவம் கேட்டால் மட்டும், "ஏட்டி, ஆளு வருது, உள்ள போய் உடுப்பு மாத்து" என்று அம்மை விரட்டுவாள். வருவது சித்தப்பாவோ பெரியம்மையோ என்றால் விரட்டமாட்டாள். யாருக்கு முன்னால் மாற்ற வேண்டும், யாருக்கு முன்னால் வேண்டாம் என்பது எங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

குழித்துறைப் பக்கம் கல்யாணமாகிப் போன வீட்டிலும் இதே சட்டம்தான். வீட்டில் மூன்றே பேர்: கணவர், அவருடைய அக்கா, நான். அந்த அக்காவை மைனி என்று கூப்பிடுவேன். பிறகு மகள் வந்தாள். அவளுக்கு நாலு வயதானபோது நான் நர்ஸ் வேலைக்கு குவைத் போனேன். பிள்ளையை மைனி, அவளுக்கு மாமி, பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

நான் கொஞ்சம் வாய்க்காரி. வார்டில் அந்த வாய்தான் என்னைக் காப்பாற்றுகிறது. வீட்டில் அது செய்த வேலை வேறு.

குவைத் போன முதல் வாரம். அறையில் என்னோடு மூன்று பேர். மகளைப் பற்றி அவர்களிடம் நான் அளந்த அளப்புக்கு அளவே கிடையாது. வீடியோவில் கூப்பிட்டதும் மூவரும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். மகள் ஓடிவந்தாள். சாயம் போன பெட்டிக்கோட், தோளில் ஒரு ஊக்கு, முட்டியில் மண், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "அம்மா, கோழி முட்டை இட்டு!" என்று கத்தினாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரியமாகத்தான் சிரித்தார்கள், இப்போது யோசித்தால் தெரிகிறது. அன்று எனக்கு முகம் சுட்டது.

"மைனி, பிள்ளைக்கு இட்டுக் குடுக்க வீட்டுல வேற உடுப்பே இல்லியா? நான் பின்ன எதுக்கு இங்க வந்து கெடக்கேன்?"

மைனியின் முகம் போனிலிருந்து விலகிப் போனது. மகள் கையை எடுத்துத் தோளில் இருந்த ஊக்கை மறைத்துக்கொண்டாள். நாலு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் புதுச் சட்டம் வந்துவிட்டது. அங்கே ஆறரைக்கு அம்மா போனில் விளிப்பாள், ஆறு மணிக்கே உடுப்பு மாற்றவேண்டும். நான் அனுப்பிய கவுன், இறுக்கிப் பின்னிய சடை, முகத்தில் பவுடர். மகள் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அறைக்காரிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பெருமை நாலைந்து மாதம் ஓடியது. அதன் பிறகுதான் அவள் பேசுவது காதில் விழ ஆரம்பித்தது. நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. மீன்கறி. நல்லா படிக்கேம்மா. சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பிப்பதுபோல. கோழி முட்டை இட்ட சமாச்சாரமெல்லாம் நின்றே போயிருந்தது. கவுன் கசங்கிவிடும் என்று சாய்ந்துகூட உட்காரமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை டியூட்டி மாறியதால் ஊர்க் கணக்குக்குப் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். மகள்தான் போனை எடுத்தாள். ஒரு நொடி அவள் சிரிப்பு கேட்டது, தொண்டை கிழியும் சிரிப்பு. உடனே, "மாமி, அம்மா விளிக்கா! உடுப்பு மாத்தல்ல!" என்று ஒரு அலறல். போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். பத்து நிமிடம் எங்கள் வீட்டு ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தபோது கவுனும் பவுடருமாக வந்தாள், மூச்சு மட்டும் இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"மக்களே, மாத்தவேண்டாம் கேட்டியா. இருக்கிறபடி வந்தாப் போதும்."

"இல்லம்மா. நீங்க மாமிய ஏசுவீங்க."

தனக்காக இல்லை. மாமிக்காக அவள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

மைனியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் ஒண்ணும் மனசுல வைக்கல்ல" என்றார். பிறகு, "ஆனா பிள்ளய நான் நல்லா பாக்கல்லண்ணு ஒரு சொல்லு வந்துரப்பிடாது பாத்தியா" என்றார். சட்டம் மாறவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாத லீவில் போனேன். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மகள் நான் அனுப்பிய மஞ்சள் கவுனில் வந்திருந்தாள். கட்டிப்பிடித்தபோது, பின்னால் கட்டிய நாடா அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் அப்படியே. காலையில் ஒரு கவுன், சாயங்காலம் ஒன்று. என் பக்கத்தில் உட்காருவாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், காப்பித் தம்ளரைக் கழுவி வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரிகள், என்ன அடக்கமான பிள்ளை என்றார்கள். எனக்கு அவள் அடக்கம் வேண்டாம். மண்ணும் மூக்குச்சளியுமாக என் மேல் வந்து விழும் பிள்ளை வேண்டும். அந்த ஏக்கத்தை யாரிடம் சொல்லுவது? நானே விரட்டிவிட்ட பிள்ளைதானே.

"வீட்டு உடுப்பு எங்க மக்களே?" என்று கேட்டேன். "இதுதாம்மா எனக்கு இஷ்டம்" என்றாள். அம்மா ஏசமாட்டேன் என்றேன். "சரிம்மா" என்றாள். மறுநாளும் கவுன்தான்.

லீவு முடிய நாலு நாள் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்துவிட்டேன். சிரிப்புச் சத்தத்தில் விழிப்பு வந்தது. எழுந்து அடுக்களைக் கதவோரம் போய் நின்றேன். பின்னால் துணி துவைக்கும் கல்லின்மேல் மகள் காலைப் பரப்பிக்கொண்டு இருந்தாள். முட்டிக்கு மேலே ஏறிவிட்ட ஒரு பழைய பெட்டிக்கோட். ஒரு கையில் அவித்த மரச்சீனிக் கிழங்கு. வாயில் கிழங்கை வைத்துக்கொண்டே, வகுப்பு டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மைனி மீன் கழுவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாது.

பாதியில் நிறுத்தி, "மாமி, அம்மா எழும்பீட்டாளாண்ணு ஒண்ணு பாரு. எழும்புனா நான் போய் மாத்தணும்" என்றாள்.

மைனி திரும்பினார். கதவோரம் நிற்கும் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"இல்ல மக்களே, அம்மைக்கு நல்ல உறக்கம்" என்றார் மைனி. "நீ சொல்லு."

சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்தேன். ஜன்னல் வழியாக டீச்சர் கதையின் மிச்சம் வந்துகொண்டிருந்தது. பிறகு வேறொரு கதை, அதன் பிறகு இன்னொன்று. அவள் கவுன் போட்டுக்கொண்டு வந்து, என் தோளைத் தொட்டு எழுப்பும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை.