மாமனாரோடு அம்போசெலி: இரண்டு பேருக்கு ஒரு கட்டில்

பிப்ரவரியில் கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தேன். நானும் என் மனைவி ரீனாவும் இரண்டாவது கல்யாண நாளுக்குப் போவதாகப் பதிவு செய்திருந்த பயணம் இது. அவளுக்கு யானை பிடிக்கும். போன வருடம் ஒரு காய்ச்சலில், ஆஸ்பத்திரியில் ஒன்பதே நாளில், ரீனா இறந்துவிட்டாள். கடைசியில் போனது நானும் அவளுடைய அப்பாவும். தூத்துக்குடியிலிருந்து இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஒரு கூடார முகாமில் மூன்று இரவுக்கு, இருவருக்குச் சேர்த்து 1,480 டாலர் கட்டியிருந்தோம். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. முகாம்காரர்கள் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு வருடத்துக்குள் தேதியை மாற்றலாம், ஒரு பெயரையும் மாற்றலாம். பெயர் மாற்றும் படிவத்தில் காரணத்துக்கு நான்கே தேர்வுகள்: நோய், விசா மறுப்பு, மனம் மாறிவிட்டது, மற்றவை. நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு இன்ஜினியர். பழுதின் குறியீடு பட்டியலில் இல்லையென்றால் 'மற்றவை' என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அப்படியே போட்டேன். விளக்கம் எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'அவர் வர இயலாது' என்று எழுதினேன். இது முதல் தவறு. விளைவைப் பிறகு சொல்கிறேன்.

யாருடைய பெயரை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு பெயரை மாற்றலாம் என்பதைச் சொல்ல மாமா வீட்டுக்குப் போனபோது அவரே, "நான் வாரேன் மாப்ள" என்றார். முப்பத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரியாக, இருந்தவர்.

"ஆப்பிரிக்கா எனக்குப் புதுசா? மொம்பாசாவுக்குப் பதினோரு தடவ போயிருக்கேன். நம்ம பீச் ரோடு மாதிரி."

"துறைமுகக் கேட்டுக்கு வெளிய எவ்வளவு தூரம் போனீங்க மாமா?"

"எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருந்துச்சு."

இங்கே ஒரு உபயோகமான தகவல். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள் தனியே வைத்துவிடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். மாமாவின் கப்பல் காலத்து மஞ்சள் அட்டை இப்போதும் செல்லும், அது ஆயுசுக்கும் போதும். எனக்கும் ரீனாவோடு சேர்ந்து போட்ட அட்டை இருந்தது. ஆக, தடை சொல்லக் காரணமே இல்லாமல் போய்விட்டது.

உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. மகளே இல்லாத வீட்டுக்கு மருமகன் எந்த உரிமையில் போவது? எனக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லி உறவுக்காரர்கள் மாமாவிடமே தூது விட்டிருந்தார்கள் என்பதும் தெரியும். அதைச் சொல்லி, மரியாதையாக உறவை முடித்துக்கொள்ளத்தான் இவ்வளவு தூரம் வருகிறார் என்று நினைத்தேன். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஜெரால்டு வேறு, "ஏலே, கல்யாண நாளுக்கு மாமனாரக் கூட்டிட்டுப் போறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாம்லே" என்றான்.

தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து சென்னை, மும்பை வழியாக நைரோபி. அத்தை, அதாவது ரீனாவின் அம்மா, நெத்திலிக் கருவாட்டை, வாடை வராமலிருக்க, மூன்று பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டிக் கொடுத்திருந்தார். கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. நைரோபி விமான நிலைய அதிகாரி மூன்று பைகளையும் வாங்கிக்கொண்டு கருவாட்டை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று நம்பி எடுத்துப் போகாதீர்கள். மாமா அதைத் தன் மாற்று வேட்டியில் கட்டினார். அதன்பிறகு நாங்கள் எங்கே நின்றாலும் சுற்றிலும் தாராளமாக இடம் கிடைத்தது.

மறுநாள் காலை 7.10க்கு நைரோபியில் கிளம்பி, 230 கிலோமீட்டர் ஓடி, பகல் 12.20க்கு முகாம் சேர்ந்தோம். ஓட்டுநர் ஒடியம்போ பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு மோப்பம் பிடித்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவரோ வேட்டிப் பொட்டலத்தை அவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார். விக்டோரியா ஏரிக்கரையில் அவர் வீட்டிலும் இதே மாதிரிக் குட்டிமீனைக் காயவைத்துச் சாப்பிடுவார்களாம். கூடாரத்தில் தின்பண்டம் வைத்தால் குரங்கு வரும் என்று சொல்லி, பொட்டலத்தை அவரே முகாம் சமையலறையில் ஒப்படைத்தார்.

கூடாரத்தைத் திறந்தோம். ஒரே கட்டில். மெத்தைமேல் ரோஜா இதழ்களால் ஒரு இதயம். நடுவில் துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள் முத்தமிட்டுக்கொண்டிருந்தன.

"என்ன மாப்ள இது, வாத்தா?"

"துண்டு மாமா."

"துண்டு எதுக்கு முத்தம் குடுக்குது?"

படிவத்தில் நான் உள்ளதைச் சொல்லாததால் அவர்கள் கல்யாண நாள் ஏற்பாட்டை ரத்து செய்யவில்லை. வேறு கூடாரமும் காலியில்லை. என் எதிரே சட்டையில்லாமல் உட்கார்ந்தே அறியாத மாமனாரும், அவர் முன்னால் காலை நீட்டி அறியாத மருமகனும் அந்த இதயத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, ஆளுக்கொரு ஓரத்தில் படுத்தோம். அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் பணியாளர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு கேக் கொண்டுவந்தார்கள். மாமா எழுந்து நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். நான் கேக்கை வெட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சஃபாரி காலை 6.30க்கும் மாலை 4 மணிக்கும். கிளிமஞ்சாரோ மலை விடிந்து ஒன்றரை மணி நேரம்தான் தெரியும், பிறகு மேகம் மூடிவிடும். மாமா வண்டியின் திறந்த கூரையில் நின்று, கப்பல் மேல்தளத்தில் காவல் நிற்பதுபோல, "ஸ்டார்போர்டு சைடுல சிங்கம்!" என்று, வலது பக்கத்தைக் கப்பல் பாஷையில் சொல்லி, குரல் கொடுத்தார். மூன்று தடவை கறையான் புற்று. நாலாவது நிஜமான சிங்கம். ஒடியம்போ பைனாகுலரை எடுக்கும் முன்பே மாமா அதைப் பார்த்திருந்தார்.

பூங்காவுக்குள் வண்டியை விட்டு இறங்க அனுமதியுள்ள ஒரு குன்று இருக்கிறது. இரண்டாம் நாள் மாலை அதன்மேல் உட்கார்ந்தோம். கீழே சதுப்பில், வயிறுவரை தண்ணீரில், இருபத்தாறு யானைகள். எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும்."

வந்துவிட்டது என்று நினைத்தேன். "சொல்லுங்க மாமா."

"ஒங்களுக்கு வேற பொண்ணு பாக்கணும்னு எல்லாவனும் என் உசுர எடுக்கான். நீரு சொன்னாத்தான் கேப்பாருன்னு சொல்லுதானுவ. சொல்லிட்டேன்."

"சரி மாமா."

"இருங்க, இன்னும் முடிக்கல. யாரக் கெட்டினாலும் ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாடு நம்ம வீட்டுலதான். அவளையும் கூட்டிட்டு வரணும். வரமாட்டேன்னு சொன்னா அந்தப் பொண்ணு வேண்டாம்."

"யாருன்னே தெரியாது, அதுக்குள்ள வேண்டாங்கீங்க."

"மீன் திங்காதவளும் வேண்டாம்."

சிரித்துவிட்டேன். சத்தம் கேட்டு ஒடியம்போ திரும்பிப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அதில் ஒன்றும் தெரியவில்லை. மாமாவும் அதைக் கேட்கவில்லை. சதுப்பைப் பார்த்துக்கொண்டே, "நிறைய யானதான்" என்றார்.

போகிறவர்களுக்கு: பிப்ரவரி நல்ல மாதம், ஆனால் புழுதி அதிகம், முகத்துக்குத் துணி வேண்டும். கருவாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தனித்தனிக் கட்டில் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். படிவத்தில் காரணம் கேட்டால் உள்ளபடி எழுதிவிடுங்கள், எழுதக் கஷ்டமாக இருந்தாலும். யாரோடு போவது என்று என்னைக் கேட்டால், முதலில் 'வாரேன்' என்று சொல்பவரோடு போங்கள்.

வேறு சந்தேகங்களைக் கீழே கேளுங்கள், அன்றன்றைக்கே பதில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயங்காலம் ஆகிவிடும்.