நின்ற பிறகு வந்த தீட்டு

யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன் ஒழியாத காலம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் என் அக்காள் வீட்டுக்காரருக்குப் பலசரக்குக் கடை. பின்னாலேயே வீடு. நான் பக்கத்திலேயே, புதுக்கோட்டை என்ற கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன்.

அக்காள் பேரன் எடுத்தவள். மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. திடீரென்று மறுபடியும் உதிரம் பட ஆரம்பித்தது. வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? தீட்டு என்று சொல்லி, தனித் தட்டும் பாயும் கொடுத்து அவளைக் கொல்லைப்புற அறையில் உட்கார வைத்துவிட்டார்கள்!

மிஷன் ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடம் காட்டலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "தீட்டோட வாசல் தாண்டினா கடைக்கு ஆவாது" என்றார் அத்தான். சரி, நிற்கட்டும் என்று காத்திருந்து போனால், "அதான் நின்னுட்டுல்லா, பெறவு எதுக்கு டாக்டரு?" என்பார். வந்தால் போகக் கூடாது, நின்றால் போக வேண்டாம்! நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ள? அக்காள் அவருக்கு மேல். "வெளிய சொன்னா நாலு பேரு சிரிப்பாவ, சும்மா இரி ஏளா" என்று என் வாயைப் பொத்துவாள்.

இப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் காலை போனால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். அறையில் ஒரு கெட்ட வாடை. எனக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. குதிரைவண்டியை வாசலில் நிறுத்தி, அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன்.

குளித்துத் திருநீறு பூசி, கடை திறக்கக் கிளம்பிய அத்தான் நிலைப்படியில் கையை விரித்து மறித்தார். "ஏளா, தீட்டுக்காரியை எங்க கூட்டிட்டுப் போற?"

நான் நிற்கவே இல்லை. "வழி விடுங்க அத்தான், மேல பட்டுரும்" என்று நேராக நடந்தேன். அவ்வளவு பெரிய மனுஷர், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்!

டாக்டரம்மா சோதித்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்று என்றார். "நின்னுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் வரணும். இவ்வளவு நாள் என்னம்மா செஞ்சீங்க?" என்று திட்டினார். என்னை! நல்லவேளை, பரவவில்லை. சென்னைக்கு அனுப்பி, புற்றைக் கருக்க ரேடியம் வைத்தார்கள். அக்காள் பிழைத்து, பேரன் கல்யாணத்தையும் பார்த்தாள். "நாந்தான் மெட்ராசுக்குக் கொண்டுபோயி காப்பாத்துனேன்" என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும், அவள் இருந்தாளே.

இப்போதெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லாதபோதே கர்ப்பப்பை வாயைச் சோதித்துப் பார்த்துவிடுகிறார்கள். அதற்குக் கூப்பிட்டால் என் மருமகள், "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே அத்தை" என்று நெளிகிறாள். நிலைப்படியில் நின்ற அத்தானை ஒரு வார்த்தையில் விலக்கிவிட்டேன். இவள் வெட்கத்தை விலக்குவதற்குள் எனக்கு உயிர் போகிறது.